தைராய்டு மாத்திரைக்கு ஒரு கணக்கு, ஸ்டீராய்டுக்கு வேறு கணக்கு

எங்கள் வீட்டில் ஹார்மோன் மாத்திரை போடுகிறவர்கள் இரண்டு பேர், நானும் என் தம்பியும். எனக்குத் தைராய்டு. அவனுக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டியை எடுத்தார்கள். அந்தச் சுரப்பி பார்த்துக்கொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது மாத்திரைகள்தான் பார்க்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் ஒரே ரகம்: "தினமும் மாத்திரை, ஆயுசுக்கும்." ஆனால் என் மாத்திரையை நான் ஒரு நாள் மறந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. காய்ச்சலாக இருக்கும் நாளில் தம்பி மறந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த வித்தியாசத்தை யாரும் எங்களை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பல டாக்டர்களிடம் கேட்டு, ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்து, துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டதுதான். டோஸைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. மாத்திரையை எப்போது, எதோடு, எப்படிப் போடுவது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கதை தைராய்டு அதிகமாகச் சுரந்ததில் ஆரம்பித்தது. கிரேவ்ஸ் நோய் என்றார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தூண்டிவிட்டு, நிற்காமல் சுரக்கவைக்கும் நோய். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கியது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். பேனாவைப் பிடித்தால் கை நடுங்கும். டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார்: கார்பிமசோல், கூடவே ப்ரொப்ரானலால். ப்ரொப்ரானலால் போட்ட அன்றே படபடப்பு அடங்கியது. கார்பிமசோலோ வாரக்கணக்கில் ஒன்றுமே செய்யாத மாதிரி இருந்தது. மருந்து சரியில்லையோ என்று கேட்டேன். அவர் விளக்கியது இதுதான்: கார்பிமசோல் தைராய்டு புதிதாக ஹார்மோன் செய்வதைத்தான் தடுக்கும். சுரப்பி ஏற்கெனவே செய்து சேர்த்துவைத்த கையிருப்பில் அது கை வைக்காது. அந்தக் கையிருப்பு தீர வாரக்கணக்கில் ஆகும், அதுவரை ப்ரொப்ரானலால் படபடப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஒரே சீட்டில் இரண்டு மாத்திரை இருந்தால் இரண்டும் ஒரே வேகத்தில் வேலை செய்யும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

அந்தச் சீட்டின் அடியில் அவர் பெரிய எழுத்தில் ஒன்று எழுதியிருந்தார்: தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்தி, அன்றே ரத்தம் பார்க்கவும். கார்பிமசோல் போடுகிறவர்களில் ஆயிரத்தில் சில பேருக்கு வெள்ளை அணுக்கள் திடீரென்று அடியோடு குறைந்துபோகும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் வரும். வெள்ளை அணு இல்லாத உடம்பில் சாதாரணத் தொண்டைப் புண்கூட ரத்தம் முழுக்கப் பரவும் தொற்றாகிவிடலாம். எனக்கும் ஒரு மாலை தொண்டை கட்டி, உடம்பு சுட்டது. பரிசோதனைக்குப் போன இடத்தில், "சாதாரண சளிதாங்க, நாளைக்குக் காலையில வாங்க" என்றார்கள். சீட்டைக் காட்டி, "இந்த மாத்திரை போடுறேன், வெள்ளை அணு இன்னைக்கே பார்க்கணும்" என்று நின்றேன். பார்த்தார்கள். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன். அது வெறும் சளிதான். ஆனாலும் மறுபடி வந்தால் மறுபடியும் அப்படித்தான் நிற்பேன். மாதம் ஒருமுறை பார்க்கும் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்று இந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது, அணுக்கள் சில நாட்களிலேயே சரிந்துவிடக்கூடும்.

குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் கார்பிமசோல் போட்டுக்கொண்டிருந்தால், உண்டாவதற்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். முதல் மூன்று மாதத்தில் இது கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருந்து இன்னும் தேவைப்படுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ப்ரோபைல்தையோயூரசிலுக்கு மாற்றுவது வழக்கம்.

ஒன்றரை வருடம் போலப் போட்டு நிறுத்தினோம். இப்படி நிறுத்துகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருமாம். நான் அந்தப் பாதியில் சேர்ந்தேன். அடுத்து கதிரியக்க அயோடின். ஒரு கேப்ஸ்யூலை விழுங்குவதுதான் மொத்த வைத்தியமும். தைராய்டு அயோடினைத் தேடித் தேடி இழுத்துக்கொள்ளும் சுரப்பி என்பதால், கதிர்வீச்சு மிகுந்த அயோடினையும் ஆசையாக இழுத்துக்கொண்டு தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. 1941 முதல் மனிதர்களுக்குக் கொடுத்துவரும் பழைய சிகிச்சை. கொஞ்ச நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கர்ப்பம் கூடாது என்றார்கள். அப்புறம் சில மாதத்தில் எதிர்பார்த்தபடியே தைராய்டு ஓய்ந்துபோய், உடம்பு கனத்து, எந்நேரமும் குளிரெடுக்க ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில் ஒரு குழப்பம். உடம்பு முழுக்கத் தைராய்டு குறைவுக்கான அறிகுறிகள். ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் இன்னமும் தைராய்டு அதிகம் என்கிற மாதிரி அதலபாதாளத்தில் இருந்தது. டி.எஸ்.எச். என்பது தைராய்டிலிருந்து வருவதல்ல. "இன்னும் சுரந்து கொடு" என்று பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. மாதக்கணக்கில் ஹார்மோன் வெள்ளமாக இருந்ததால் பிட்யூட்டரி உத்தரவு போடுவதையே நிறுத்திவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் அது விழித்துக்கொள்ளச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஃப்ரீ டி4 என்ற அளவைத்தான், அதாவது ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோனின் அளவைத்தான், நம்ப வேண்டும். என் டாக்டர் அதையும் சேர்த்தே பார்த்ததால் லெவோதைராக்சினைத் தாமதிக்காமல் ஆரம்பித்தார்.

லெவோதைராக்சின், அதாவது எல்லோரும் தைராய்டு மாத்திரை என்று சொல்லும் அந்தக் குட்டி மாத்திரை, ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். மேல்மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மாதிரி அது. ஒரு நாள் மோட்டார் போடாவிட்டால் குழாயில் வித்தியாசம் தெரியாது, ஒரு நாள் கூடுதலாகப் போட்டாலும் தெரியாது. அதனால்தான் டோஸை மாற்றிய மறுவாரமே "எனக்கு ஒண்ணும் சரியாகலையே" என்று சொல்வதில் அர்த்தமில்லை. புதிய மட்டத்தில் நிலைப்பதற்கே ஐந்தாறு வாரம் பிடிக்கும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் பாருங்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் பார்த்து, அந்த எண்ணை வைத்து டோஸை மாற்றி, திரும்பவும் அவசரப்பட்டுப் பார்த்து வருடம் முழுக்க ஊசலாடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய டோஸ் எப்போதோ சரியாகத்தான் இருந்திருக்கும், அதைக் காத்திருந்து பார்க்கத்தான் யாரும் இல்லை.

மறந்துவிட்டால்? நினைவுக்கு வந்ததும் போடுவேன். ஒரு நாள் முழுதாகத் தவறினால் மறுநாள் சேர்த்துப் போட்டுக்கொள்ள என் டாக்டர் அனுமதித்திருக்கிறார். இதய நோய் இருப்பவர்கள், வயதானவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் அப்படிச் செய்ய வேண்டாம்.

ஆனால் இந்த மாத்திரைக்கு வேறொரு பிடிவாதம் உண்டு. வயிற்றில் துணைக்கு யாரும் இருக்கக் கூடாது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். காபிகூட அது உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. "மாத்திரையை காபியோடத்தான் போடுறேன், அது சாப்பாடு இல்லையே" என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். கால்சியமும் இரும்புச்சத்தும் வயிற்றுக்குள்ளேயே தைராக்சினைப் பிடித்துக் கட்டிவிடும். அவற்றுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை, எலும்புக்குக் கால்சியம், தைராய்டுக்குத் தைராக்சின் என்று மூன்றையும் காலையில் ஒரே வாயில் விழுங்குகிறவர்களுக்கு டோஸ் ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். நெஞ்செரிச்சலுக்கு அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தொடர்ந்து போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். தைராக்சின் கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும்.

காலையில் இந்த இடைவெளியெல்லாம் கடைப்பிடிக்க முடியாதவர்களுக்கு இரவில் போடுவது நல்ல வழி. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். 2010-ல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வில், படுக்கும்போது போட்டவர்களுக்குக் காலையில் போட்டவர்களைவிட ஹார்மோன் அளவு கொஞ்சம் நன்றாகவே இருந்தது. நான் காலை ஆள். கட்டில் பக்கத்தில் மாத்திரை அட்டையும் தண்ணீரும் இருக்கும், எழுந்ததும் முதல் வேலை அதுதான். காலையா இரவா என்பதைவிட, தினமும் ஒரே மாதிரி போடுவது முக்கியம் என்பது என் அபிப்பிராயம். இன்று வெறும் வயிறு, நாளை சாப்பிட்டபின், மறுநாள் காபியோடு என்று போட்டால் எந்த டோஸும் நிலைக்காது.

அளவு விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தைராக்சின் மைக்ரோகிராமில் வருகிறது. சில அட்டைகளில் மில்லிகிராமில் அச்சடித்திருப்பார்கள். 0.1 மில்லிகிராம் என்றால் 100 மைக்ரோகிராம்; 0.05 என்றால் 50. கடையில் இருப்பு இல்லாமல் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் நான் வாங்கிக்கொள்வேன், ஆனால் தேதியைக் குறித்துக்கொள்வேன். ஒரே அளவு என்றாலும் கம்பெனி மாறும்போது சிலருக்கு டி.எஸ்.எச். லேசாக நகரும், ஆறு வாரம் கழித்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெயில், ஈரம், வெளிச்சம் மூன்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது. குளியலறை அலமாரியிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம்.

முடி கொட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தைராய்டுக்காரர்கள் பலரும் விழும் பள்ளம் இது. தைராய்டு குறைந்தால் முடி கொட்டும். முடி கொட்டினால் முடிக்கான வைட்டமின் வாங்குவார்கள். அதில் பயோட்டின் இருக்கும். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 30 மைக்ரோகிராம், அந்த மாத்திரைகளில் 5,000 முதல் 10,000 மைக்ரோகிராம் வரை இருப்பதுண்டு. உடம்புக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. கெடுவது ரிப்போர்ட். ரத்தத்தில் ஹார்மோனை அளக்கும் பல கருவிகள் பயோட்டினையே ஒரு கொக்கியாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்திலும் பயோட்டின் மிதந்தால் கணக்கு தப்பி, டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும் டி4 பொய்யாக அதிகமாகவும் வரும். மாத்திரை அதிகமாகிவிட்டது என்று டோஸைக் குறைப்பார்கள், முடி இன்னும் கொட்டும். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பாவது பயோட்டினை நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். நான் பரிசோதனையன்று தைராக்சினையும் ரத்தம் கொடுத்த பிறகுதான் போடுவேன். போட்டவுடன் சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் உயர்ந்து காட்டும்.

கர்ப்பமாக இருப்பது தெரிந்தால் தைராக்சின் தேவை சட்டென்று ஏறும், கால் பங்கிலிருந்து பாதி வரைகூட. முதல் வாரங்களில் குழந்தைக்குச் சொந்தத் தைராய்டு வேலை செய்யாது, அம்மாவுடையதுதான். அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் தெரிந்த அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டிய விஷயம் இது.

சரி, இப்போது தம்பி.

அவனுக்குக் கட்டியை மூக்கு வழியாக எடுத்தார்கள். எடுத்தபின் பரிசோதித்ததில் கார்டிசால், அதாவது பிட்யூட்டரியின் உத்தரவில் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன், மிகக் குறைவு; தைராய்டும் குறைவு. இரண்டுக்கும் மாத்திரை வேண்டும். ஆனால் டாக்டர் இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்கவில்லை. முதலில் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன், சில நாள் கழித்துத்தான் தைராக்சின். காரணம் கேட்டேன். தைராக்சின் உடம்பின் வேகத்தைக் கூட்டும், இருக்கிற கொஞ்சநஞ்சக் கார்டிசாலையும் வேகமாகச் செலவழித்துவிடும். கார்டிசால் இல்லாத உடம்பில் தைராக்சினை முதலில் கொடுத்தால் ஆளையே சாய்த்துவிடலாம். எனக்கு இத்தனை சாதுவாக இருக்கும் அதே மாத்திரை, வரிசை மாறினால் அவனுக்கு ஆபத்து.

இந்த இரண்டு ஹார்மோனுக்கும் வேறொரு உறவும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1914 டிசம்பர் 25 அன்று தைராக்சினை முதன்முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் கெண்டால். அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களைத் துருவி ஆராய்ந்து, ஹைட்ரோகார்டிசோனின் நெருங்கிய உறவான கார்டிசோன் மருந்தாவதற்கு வழி செய்தவர்களில் ஒருவரும் அவரேதான். அதற்காக 1950-ல் ஹென்ச், ரைக்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அக்கா மாத்திரைக்கும் தம்பி மாத்திரைக்கும் ஒரே தாத்தா என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

ஹைட்ரோகார்டிசோனின் நேரக்கணக்கு என் மாத்திரைக்கு நேர் எதிர். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். அதனால் தினம் ஒருமுறை போட்டால் பற்றாது. நல்ல உடம்பில் கார்டிசால் விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்தில். அதே மாதிரி தம்பியும் எழுந்ததும் 10 மில்லிகிராம், மதியம் 5, மாலை 5 போடுகிறான். மாலை மாத்திரையை இரவுக்குத் தள்ளினால் தூக்கம் வராது. காலை மாத்திரையைத் தள்ளினால் பல் தேய்ப்பதே மலையேறுகிற மாதிரி ஆகிவிடும் என்பான். விழித்ததும் படுத்தபடியே போட்டுக்கொண்டு அரை மணி கழித்து எழுந்திருப்பது அவன் கண்டுபிடித்த வழி.

"ஸ்டீராய்டா போடுறே? எலும்பெல்லாம் போயிடுமே, சுகர் வந்துடுமே" என்று அவனைப் பயமுறுத்தாத உறவினர் இல்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறிய பயம். மூட்டுவாதம், ஆஸ்துமா போன்றவற்றுக்கு உடம்பின் தேவையைவிடப் பல மடங்கு கொடுக்கும்போது அந்தத் தொல்லைகள் வரும். தம்பி போடுவது, அவன் உடம்பு செய்யத் தவறிய அளவை ஈடுகட்ட மட்டும். அளவு சரியாக இருக்கும்வரை அது அவனுக்கு மருந்துகூட இல்லை, உடம்பின் சொந்தச் சரக்கு. பயந்துகொண்டு ஒரு வேளையைக் குறைக்கிறவர்களைத்தான் நான் பயத்தோடு பார்க்கிறேன்.

நல்ல உடம்பு காய்ச்சல் வந்தால் கார்டிசாலைத் தானாகவே கூட்டிக்கொள்ளும். தம்பி உடம்பால் அது முடியாது, கையால் கூட்ட வேண்டும். அவனுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த விதி: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தால் டோஸ் இரட்டிப்பு, காய்ச்சல் விட்டதும் பழைய அளவு. மாத்திரை போட்டு அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் திரும்பப் போட வேண்டும். அதையும் வாந்தி எடுத்தால் இனி மாத்திரையை நம்பக் கூடாது, ஊசிதான். ஊசி என்றால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன். பல் பிடுங்குவது முதல் அறுவை சிகிச்சை வரை எதற்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் டோஸுக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

ஒரு இரவு அந்த விதியின் கடைசி வரிக்கு வந்து நின்றோம். வயிற்றுப்போக்கும் வாந்தியும். இரட்டிப்பாகப் போட்டான், வாந்தி. திரும்பப் போட்டான், அதுவும் வாந்தி. முகம் வெளிறியிருந்தது, அதைவிட என்னைக் கலக்கியது அவன் பேச்சு. கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமானது. "அக்கா, தூக்கம் வருது, விடேன்" என்றான். அந்தத் தூக்கத்தை நம்பக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்துக் குப்பியின் அடியில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், கூடவே தண்ணீர் ஆம்பியூல். ஆம்பியூலின் கழுத்தை ஒடித்து, 2 மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில் இழுத்து, குப்பிக்குள் விட்டு, குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டிக் கரைத்தேன். பொடி முழுவதும் தெளிந்ததும் திரும்ப இழுத்து, தொடையின் வெளிப்பக்கம், நடுவில், ஊசியை நேராகச் செங்குத்தாக இறக்கினேன். இந்த நேரத்தில் தேவையில்லாமல் போட்டுவிட்டோமோ என்ற தயக்கம் வரும். வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை 100 மில்லிகிராம் கூடுதலாகப் போனதால் யாருக்கும் பெரிய கேடு வராது, போடாமல் விட்டால் வரும்.

ஊசியின் பலன் சில மணி நேரம்தான் என்பதால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், "வயிற்றுப்போக்குக்கு எதுக்குங்க ஸ்டீராய்டு?" என்று கேட்டு, வாந்தி நிற்க மட்டும் மருந்து கொடுக்கப் பார்த்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, இந்த மாதிரி நோயாளி அவர் கையில் அடிக்கடி வருவதில்லை. வாக்குவாதம் செய்யாமல் கடிதத்தை நீட்டினேன். எங்கள் டாக்டர் தன் கையெழுத்தோடு கொடுத்திருக்கும் ஒரு பக்கக் கடிதம் அது: நோயின் பெயர், கார்டிசால் சுரக்காது, வாந்தியோடு வந்தால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் நரம்பு வழியாக சலைனும் உடனே கொடுக்கவும், சோடியமும் சர்க்கரையும் பார்க்கவும். படித்ததும் அவர் வேகம் மாறியது. சலைன் இறங்க இறங்கத் தம்பி முகத்துக்கு நிறம் வந்தது, கொஞ்ச நேரத்தில் போனைக் கேட்டான். ஹைட்ரோகார்டிசோன் போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் அப்படி ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனில் படமாகவும், பர்ஸில் காகிதமாகவும். நோயாளியால் பேச முடியாத நேரத்தில் அது பேசும்.

அவனுடைய தைராக்சினிலும் ஒரு வம்பு வந்தது. வேலைக்குச் சேரும்போது செய்த பொதுப் பரிசோதனையில் டி.எஸ்.எச். மிகக் குறைவு என்று வந்ததைப் பார்த்து, அங்கிருந்தவர் தைராய்டு மாத்திரையைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். தம்பி குறைக்காமல் எனக்குப் போன் செய்தான். யோசித்துப் பாருங்கள்: டி.எஸ்.எச். பிட்யூட்டரி போடும் உத்தரவு. அவன் பிட்யூட்டரிதான் பழுதாயிற்றே. மாத்திரை கூடினாலும் குறைந்தாலும் அந்த உத்தரவு ஒழுங்காக வரப்போவதில்லை. எங்கள் ஹார்மோன் டாக்டர் ஃப்ரீ டி4 மட்டும் பார்த்து, அளவு சரியாகத்தான் இருக்கிறது, தொடாதே என்றார். அதே மாத்திரை, அதே வீடு. எனக்கு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அவனுக்கு அதைப் பார்க்கவே கூடாது. பிட்யூட்டரி பிரச்சினை உள்ளவர்கள் பரிசோதனைச் சீட்டில் ஃப்ரீ டி4 எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு மூன்றாவதாக டெஸ்மோப்ரெசின் உண்டு. சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்க உதவும் ஹார்மோனுக்கு மாற்று. இதன் கணக்கு கையில் கடிகாரம் இல்லாமலே தெரியும். தீர்ந்துபோனால் நாக்கு வறண்டு, பாத்ரூமுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும். இதில் ஆபத்து மறப்பதைவிடக் கூடுதலாகப் போடுவதில்தான். தண்ணீர் உடம்பிலேயே தங்கி, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், வலிப்பு வரை போகலாம். அதனால் அவன் ஒரு வேளையின் பலன் முடிந்து நன்றாகச் சிறுநீர் பிரிந்த பிறகே அடுத்ததைப் போடுகிறான். "உடம்புக்கு நல்லது" என்று யார் சொன்னாலும் தாகத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை.

பெரியம்மாவின் கதையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹார்மோன் நோயே இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். மூட்டு வலிக்கு அவருக்குப் பல மாதம் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வலி போயிற்று, சரி நிறுத்திவிடலாம் என்று நினைத்தார். 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன், தம்பி நாள் முழுக்கப் போடும் 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனுக்கு ஏறக்குறைய சமம். அவர் போட்டுக்கொண்டிருந்தது அதைப்போல மூன்று மடங்கு. மூன்று நான்கு வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து அவ்வளவு ஸ்டீராய்டு வந்தால், உடம்பு சொந்தமாகச் செய்வதை நிறுத்திவிடும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அந்தக் கணம் பெரியம்மாவும் தம்பியும் ஒரே நோயாளிகள்தான். டாக்டர் மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார். 15-லிருந்து 7.5 வரை சீக்கிரம் இறங்கியது, கடைசி 5 மில்லிகிராம்தான் நத்தை வேகம். சுரப்பி விழித்துக்கொள்ளும் இடம் அதுதான். மூட்டுக்குள் போடும் ஊசி, நீண்டநாள் இன்ஹேலர், வீரியமான தோல் களிம்பு எல்லாவற்றிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். வலிக்கு அற்புதமாகக் கேட்கிறது என்று யாராவது பெயர் போடாத பொடியோ மாத்திரையோ கொடுத்தால், அதற்குள்ளும் இருக்கலாம். டாக்டர் "வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று கேட்கும்போது இவற்றையும் சொல்ல வேண்டும்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு வரி: தேதி, அன்றைய டோஸ், எந்தக் கம்பெனி மாத்திரை, டோஸ் மாறி எத்தனை வாரம், மாத்திரை போடும் முன் எடுத்ததா பின்னா, அப்புறம்தான் ரிப்போர்ட் எண். முதல் ஐந்தும் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் அதை வைத்து எந்த டாக்டராலும் உருப்படியாக முடிவெடுக்க முடியாது. பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாவதால், அவரிடம் கேட்க வைத்திருக்கும் கேள்விகளுக்கும் இடம் கிடைக்கிறது.

இப்போது தம்பி வேலைக்காக வெளியூரில் ஒரு நண்பனோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பயணத்தில் மாத்திரைகள் எப்போதும் கைப்பையில். பெட்டி தொலைந்தால் மாத்திரை தொலையக் கூடாது. ஊசிக் குப்பி காலாவதியானால் தூக்கிப்போடுவதில்லை. புதிதை வாங்கி வைத்துவிட்டு, பழையதில் அந்த நண்பனைக் கரைக்கப் பழக்குகிறான்: ஆம்பியூலை ஒடி, இழு, விடு, உருட்டு, திரும்ப இழு. குத்துவது மட்டும் ஒரு ஆரஞ்சுப் பழத்தில்.